நாட்டிங்ஹாம் ப்ரூஹவுஸ் யார்டு: செங்கல் வீடுகள், பின்னால் பாறைக் குகைகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் கோட்டைப் பாறையின் அடியில் ஐந்து பழைய செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் பின்னால் பாறைக்குள் குடைந்த குகைகள். இரண்டும் சேர்ந்து 1977-ல் அருங்காட்சியகமாயின. அங்கே போகும் நம்மவர்களும், பழைய வீடுகளைப் பழுது பார்ப்பவர்களும், அருங்காட்சியக வேலை படிக்கும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இங்கே ஒரே இடத்தில். மேலோட்டமான கேள்விகள் முதலில், சிக்கலானவை பிறகு.

இந்த இடம் சரியா எங்க இருக்கு? கோட்டைக்குள்ளயா, வெளியிலயா?

கோட்டை பாறையின் உச்சியில் இருக்கிறது. இந்த வீடுகள் அதே பாறையின் காலடியில், தெற்குப் பக்கம், காஸில் புலவார்ட் சாலையை ஒட்டி இருக்கின்றன. பாறையின் உயரம் சுமார் 40 மீட்டர். நாட்டிங்ஹாம் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை.

கோட்டைக்குப் போகிறவர்கள் மேலே போய்விட்டு, ‘ட்ரிப் டு ஜெருசலேம்’ மதுக்கடையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் இந்த வீடுகளைப் பலர் பார்ப்பதில்லை. சாதாரண மக்கள் எப்படிக் குடியிருந்தார்கள் என்பதை அறியக் கோட்டையைவிட இந்த வீடுகள்தான் உதவும்.

‘ப்ரூஹவுஸ்’னா சாராயம் காய்ச்சற இடம்தானே? ஏன் அந்தப் பேர்?

சாராயம் இல்லை, பீர். கோட்டைக்கு வேண்டிய பீரை வடித்த இடம் இது. பெயர் அதிலிருந்து வந்தது. அப்போது லீன் என்ற சிற்றாறு பாறையின் அடியை ஒட்டி ஓடியது. பீருக்குத் தண்ணீர் வேண்டும், குளிர்ச்சியான கிடங்கு வேண்டும், கோட்டை பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்றும் இங்கே கிடைத்தன. ஆறு பின்னாளில் திருப்பி விடப்பட்டதால் இன்று போகிறவர்கள் கண்ணில் அது படாது.

குகை எல்லாம் இயற்கையா உண்டானதா?

இல்லை. நாட்டிங்ஹாம் நகரத்தின் அடியில் இதுவரை பதிவான குகைகள் 800-க்கும் மேல். அவை அத்தனையும் மனிதர் கையால் குடைந்தவை. தண்ணீர் அரித்து உண்டாகும் குகைகள் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லில்தான் வரும். இங்கே இருப்பது மணற்கல்.

குகைகளைப் பற்றிய மிகப் பழைய எழுத்து 893-ல் வேல்ஸைச் சேர்ந்த ஆசர் என்ற துறவி எழுதியது. ஆல்ஃப்ரெட் மன்னரின் வரலாற்றை எழுதும்போது, இந்த ஊரைத் தம் மொழியில் ‘டிக்குவோகோபாக்’ என்று அழைப்பதாகக் குறிப்பிடுகிறார். குகைகளின் இருப்பிடம் என்று பொருள். அதற்காக இன்று நாம் பார்க்கும் ஒவ்வொரு குகையும் அவ்வளவு பழையது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பல குகைகள் இடைக்காலத்தவை. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் குடைந்தவையும் நிறைய உண்டு.

பாறையைக் குடையறது அவ்வளவு லேசா?

நம் ஊர்க் கருங்கல்லை மனதில் வைத்தால் இது புரியாது. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து குவித்த மணலும் கூழாங்கல்லும் இறுகி உண்டான கல் இது. மணல் துகள்களைப் பிணைத்து வைத்திருக்கும் பசை மிகக் குறைவு. கைக்கோடாலி, உளி, கடப்பாரை போதும். குகைச் சுவரில் சாய்வாக ஓடும் கோடுகளைப் பார்த்தால், அந்த ஆறு மணலை அடுக்கடுக்காகப் போட்ட விதம் அப்படியே தெரியும். நடுநடுவே உருண்டைக் கூழாங்கற்களும் பதிந்திருக்கும்.

எளிதில் வெட்டவும் வர வேண்டும், வெட்டினால் கூரை விழாமலும் நிற்க வேண்டும். அந்த இரண்டும் சேர்ந்து அமைந்த கல் என்பதால்தான் இந்த ஊரில் மட்டும் இத்தனை குகைகள். வெட்டி எடுத்த மணலும் வீணாகவில்லை. தரையில் தூவிப் பெருக்கவும் தேய்க்கவும் மணல் விற்றது. மேன்ஸ்ஃபீல்ட் சாலை அருகே ரவுஸ் என்பவர் நடத்திய நிலத்தடி மணல் சுரங்கம் இந்த வியாபாரத்துக்காகவே வெட்டியது.

உள்ளே எப்பவும் ஜில்லுனு இருக்குமாமே, உண்மையா?

ஆண்டு முழுக்கச் சுமார் 14 டிகிரி செல்சியஸ். வெயில் காலத்தில் உள்ளே போனால் குளிரும், பனிக்காலத்தில் கதகதப்பாக இருக்கும். பாறை பெரும் கனம் கொண்டது; வெளியே ஏறி இறங்கும் வெப்பம் உள்ளே வந்து சேர்வதற்குள் பருவமே மாறிவிடும். அதனால் உள்ளே ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே வெப்பம் நிற்கிறது. வாசலுக்குப் பக்கத்தில் மட்டும் இது பொருந்தாது. அங்கே வெளிக்காற்று புகுவதால் ஏற்ற இறக்கம் உண்டு.

இந்த 14 டிகிரிதான் ஊரின் பீர்த் தொழிலை வளர்த்தது. பார்லியை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தரையில் பரப்பி, கிளறிக் கிளறி முளைகட்ட வேண்டும். பிறகு சூளையில் உலர்த்தினால் பீருக்கு மூலப்பொருளான மால்ட். சூடு கூடினால் முளை தாறுமாறாக ஓடி தானியத்தின் மாவுச்சத்தைத் தின்றுவிடும். குறைந்தால் முளையே வராது. வெளியே இந்த வேலையைக் குளிர்ந்த மாதங்களில்தான் செய்ய முடியும். குகையில் ஆண்டு முழுக்கச் செய்யலாம். நாட்டிங்ஹாம் குகைகள் சிலவற்றில் மால்ட் உலர்த்திய சூளையின் வட்டக் குழி இன்றும் இருக்கிறது.

பாறையிலேயே குடியிருக்கலாமே, முன்னாடி செங்கல் வீடு எதுக்கு?

வெளிச்சத்துக்கும் புகைக்கும் உலர்ச்சிக்கும். குகைக்கு வாசல் பக்கம் தவிர வேறு வெளிச்சம் கிடையாது. அடுப்புப் புகை வெளியேறப் பாறையைத் துளைத்துப் புகைபோக்கி வெட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குகை எப்போதும் ஈரம். துணி, தானியம், படுக்கை மூன்றும் அங்கே கெடும். ஆகவே முன்னால் செங்கலில் சமையலறையும் படுக்கையறையும். பின்னால் குகை சரக்கறையாக, பீர்ப் பீப்பாய் வைக்கும் இடமாக. இன்றைய குளிர்பதனப் பெட்டியின் வேலையை அந்தக் குகை செய்தது.

இதை இரண்டு தனிக் கட்டடங்களாகப் பார்க்காதீர்கள். காற்றும் ஈரமும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்வரும் ஒரே உடம்பு அது. கீழே வரும் பழுதுபார்ப்புப் பதில்கள் எல்லாம் இதை வைத்துத்தான்.

வீடுகள் எந்தக் காலத்தவை? செங்கலைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

இவை 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, 1670-களை ஒட்டியவை. மேலே இடிக்கப்பட்ட பழைய கோட்டையின் இடத்தில் நியூகாஸில் பிரபு தன் மாளிகையைக் கட்டிய காலமும் அதுதான் (1674–1679).

செங்கலின் கனத்தை அளந்து பார்த்தால் ஓரளவு தெரியும். அந்தக் கால இங்கிலாந்துச் செங்கல் ஏறக்குறைய 9 அங்குல நீளம், நாலேகால் அங்குல அகலம், இரண்டேகால் அங்குல உயரம். அதாவது உயரம் 57 மில்லிமீட்டர். இன்றைய செங்கல் 65 மில்லிமீட்டர் உயரம். கையால் அச்சில் அடித்ததால் மூலைகள் நேராக இருக்காது, முகத்தில் மடிப்புச் சுருக்கம் இருக்கும், சூளையில் சூடு பட்ட விதத்துக்கேற்ப ஒவ்வொன்றும் ஒரு நிறம். இந்த அளவு வித்தியாசம் பழுது பார்க்கும்போது பெரிய தலைவலி. இன்றைய செங்கலை நடுவில் வைத்தால் நாலு வரிசைக்குள் மட்டம் 3 சென்டிமீட்டர் தப்பிவிடும். பழைய அளவில் கையால் அறுத்த செங்கலைச் சொல்லிச் செய்ய வேண்டும்.

இங்க யார் குடியிருந்தாங்க?

1621-ல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் இந்த நிலத்தைத் தனியாருக்கு வழங்கினார். அதன் பிறகு இது நகர ஆட்சிக்கும் உட்படாத, எந்தத் தேவாலய வட்டத்திலும் சேராத ஒரு தீவு மாதிரி ஆனது. நகர அதிகாரிகளின் கை இங்கே எட்டாது. கடன்காரர்களிடமிருந்து ஒதுங்கியவர்களும், அரசுத் திருச்சபையோடு ஒத்துப்போகாத சமயப் பிரிவினரும் இங்கே வந்து சேர்ந்ததற்கு அதுவே காரணம். கைத்தொழிலாளர்களும் மதுக்கடை நடத்தியவர்களும் உண்டு.

ஏழைங்க குகையிலேயே குடியிருந்தாங்கன்னு படிச்சேன். அது இந்த இடமா?

இந்த முற்றத்தில் செங்கல் வீடுகள் இருந்தன. முழுக்கக் குகையிலேயே வாழ்ந்தவர்கள் நகரின் மற்ற பகுதிகளில் அதிகம். தொழிற்புரட்சிக் காலத்தில் ஊர் விரிவடைய நிலம் கிடைக்காமல், உள்ளுக்குள்ளேயே நெரிசல் பெருகியது. நிலவறைகளும் குகைகளும் வாடகைக்குப் போயின. கழிவுநீரும் குடிநீரும் கலந்து நோய் பரவியது. குகையையும் நிலவறையையும் குடியிருக்க வாடகைக்கு விடுவதை 1845-ல் வந்த நில அடைப்புச் சட்டம் (ஊரைச் சுற்றியிருந்த பொது நிலத்தைப் பிரித்துக் கட்டடம் கட்ட வழிவிட்ட சட்டம்) தடை செய்தது. அதன் பிறகும் கிடங்காகவும், இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுப் பதுங்கிடமாகவும் குகைகள் பயன்பட்டன. 1941 மே 8–9 இரவு நகரம் கடுமையாகக் குண்டு வீசப்பட்டபோது அவை உயிர்களைக் காத்தன.

அருங்காட்சியகத்துல என்ன பார்க்கலாம்?

கண்ணாடிப் பெட்டிகளைவிட அறைகள்தான் முக்கியம். விக்டோரியா காலச் சமையலறை, பள்ளி அறை, பழைய கடைகளின் முகப்பு, பொம்மைக் கடை, குகைக்குள் போர்க்காலப் பதுங்கிடம் என்று அந்தந்தக் காலத்தை அறையாகவே அமைத்தார்கள். பெயரே நாட்டிங்ஹாம் வாழ்க்கை அருங்காட்சியகம். அரசர் கிரீடம், வாள் எதுவும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். சோப்புப் பெட்டி, இஸ்திரிப் பெட்டி, ரேஷன் புத்தகம் போன்ற சாதாரணப் பொருட்கள்தான் இதன் செல்வம்.

வெயில் காலத்துல குகைச் சுவர் வேர்க்குதே! ஜன்னலைத் திறந்துவிட்டா காஞ்சிடாதா?

இதில் பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். வெளியே 24 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று 17 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள நீர் துளியாகிவிடும். அதைக் கதவைத் திறந்து 14 டிகிரிச் சுவரில் மோத விட்டால், குளிர்ந்த சோடா பாட்டில் மாதிரி சுவர் முழுக்க நீர் அரும்பும். காய வைக்கத் திறந்த ஜன்னல் சுவரை நனைத்துவிடுகிறது.

குளிர்காலத்தில் கணக்கு மாறும். வெளியே 5 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் ‘ஈரக்காற்று’ என்று தோன்றும். அதே காற்று உள்ளே வந்து 14 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் சுமார் 44 சதவீதம்தான். ஆகவே பொதுவான வழி: குளிர்ந்த, உலர்ந்த நாட்களில் அளவோடு காற்றோட்டம் விடுங்கள், புழுக்கமான கோடை நாளில் வாசலை மூடி வையுங்கள். கண்ணால் மதிப்பிடாமல் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு வெப்ப-ஈரப்பத மானிகள் வைத்து, வெளிக்காற்றின் பனிநிலை (அதிலுள்ள நீர் துளியாகத் தொடங்கும் வெப்பம்) உள்சுவரின் வெப்பத்தைவிடக் குறைவாக இருக்கும்போது மட்டும் திறப்பது சரி.

பார்வையாளர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு ஆள் சும்மா நின்றாலே மூச்சிலும் வியர்வையிலும் மணிக்கு 50 கிராம் அளவுக்கு நீரைக் காற்றில் விடுகிறார். முப்பது பேர் ஒரு மணி நேரம் நின்றால் ஒன்றரை லிட்டர். சிறிய குகைக்கு அது கொஞ்சமில்லை. குழுக்களைச் சிறிதாக்கி, இடையில் நேரம் விட்டு அனுப்புவதற்கு நெரிசல் மட்டும் காரணமில்லை.

அப்போ ஈரம் உறிஞ்சற மெஷின் ஒண்ணு போட்டு விடலாமே?

குகையில் போடாதீர்கள். முதல் காரணம், அது முடியாத வேலை: பாறை முழுக்க நீர் இருக்கும்போது ஒரு அறைக் காற்றை மட்டும் உலர்த்தினால், பாறை தன் நீரை அனுப்பிக்கொண்டே இருக்கும். இரண்டாவதுதான் ஆபத்து. பழைய குகைச் சுவரில் உப்பு ஊறியிருக்கும். கழிவுக் குழி, குதிரைக் கொட்டில், உப்புக்கண்டம் வைத்த கிடங்கு, பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, சிமெண்ட் என்று எல்லாவற்றிலிருந்தும் வந்து சேர்வது அது.

சாதாரண உப்புக்கு எல்லை சுமார் 75 சதவீத ஈரப்பதம். அதற்கு மேல் உப்பு கரைந்தே இருக்கும். கீழே இறங்கினால் படிகமாகும். படிகம் வளர இடம் வேண்டும். அது மணல் துகள்களைப் பிய்த்துத் தள்ளும். பகலில் மெஷின் ஓடி 60, இரவில் நிறுத்தி 85 என்று எல்லையைத் தினம் தாண்டினால், தினம் ஒரு முறை உப்பு கரைந்து உறைந்து சுவரைக் கொறிக்கும். குகை ஈரமாகவே இருக்கட்டும், ஆனால் மாறாமல் இருக்கட்டும். ஈரம் ஒவ்வாத பொருளைக் குகையிலிருந்து அகற்றுவதுதான் வழி.

சுவர்ல வெள்ளையா உப்பு பொரிஞ்சிருக்கு. கழுவி விடலாமா?

கழுவக் கூடாது. தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து உள்ளே போய், வேறு இடத்தில் பொரியும். மென்மையான உலர்ந்த தூரிகையால் லேசாகத் தட்டி, கீழே தாள் விரித்து ஏந்தி, வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். தேதியும் இடமும் குறித்து வையுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே நீர் கசிகிறது என்று பொருள். முதலில் தேட வேண்டியது உப்பையல்ல, அந்தக் கசிவை: குப்பை அடைத்த மழைநீர் வடிகால், உடைந்த குழாய், வீட்டின் பின்சுவருக்கும் பாறைக்கும் இடையே குவிந்த சருகு மண். கசிவை நிறுத்திய பிறகும் உப்பு மிச்சமிருந்தால், காய்ச்சி வடித்த நீரில் குழைத்த காகிதக் கூழைச் சுவரில் அப்பி, காய்ந்ததும் உரித்து எடுப்பது பாதுகாப்பு நிபுணர்களின் வழி. எந்த உப்பு என்று பரிசோதிக்காமல் அதில் இறங்க வேண்டாம்.

செங்கல் இடுக்குல காரை உதிருது. சிமெண்ட் வச்சு அடைச்சா உறுதிதானே?

உறுதிதான், கெடுதலும் அதுதான். பழைய செங்கல் மென்மையானது. சுவருக்குள் வந்த நீர் வெளியேற எளிதான வழி சுண்ணாம்புக் காரை. அந்த வழியைச் சிமெண்டால் அடைத்தால் நீர் செங்கல் முகத்தின் வழியே வெளியேறும். பனி உறைந்தால் முகம் பெயர்ந்து விழும். பத்துப் பதினைந்து ஆண்டில் செங்கல் குழிந்து, சிமெண்ட்க் கோடுகள் மட்டும் வலை மாதிரி துருத்தி நிற்கும். இங்கிலாந்தின் பழைய வீதிகளில் இந்தக் காட்சி நிறைய. காரை தேய்வது பழுதல்ல. செங்கலுக்காகத் தேய்வதே அதன் வேலை. காரையை மாற்றலாம், 350 வயதுச் செங்கலை மாற்ற முடியாது.

பாறைக்கும் இது பொருந்தும். குகைச் சுவரில் சிமெண்ட் பூசினால் பூச்சுக்குப் பின்னால் மணற்கல் பொடியாகி, ஒரு நாள் பூச்சு தன் முதுகில் இரண்டு அங்குலப் பாறையையும் ஒட்டிக்கொண்டு விழும்.

சரி, சுண்ணாம்புக் காரை எப்படி வைக்கறது? அளவோட சொல்லுங்க.

ஒரு பங்கு சுண்ணாம்பு, இரண்டரை முதல் மூன்று பங்கு சொரசொரப்பான மணல். ஊறவைத்துப் பழக்கிய சுண்ணாம்புக் குழையோ, மென்மையான வகை நீர்ச்சுண்ணாம்போ (ஈரத்திலும் இறுகும் சுண்ணாம்பு) போதும். மணல் ஒரே அளவாக இல்லாமல் பொடியும் பருமனும் கலந்திருக்க வேண்டும். நல்லதாக மிச்சமிருக்கும் பழைய காரையோடு நிறத்தையும் பருமனையும் ஒப்பிட்டு மணலைத் தேர்ந்தெடுங்கள்.

பொடிந்த காரையை உளியும் சிறு சுத்தியும் கொண்டு 25 மில்லிமீட்டர் ஆழம் வரை எடுங்கள், அல்லது இடுக்கின் அகலத்தைப் போல இரு மடங்கு. எது அதிகமோ அது. மின்சார அறுவை இயந்திரத்தைத் தொடாதீர்கள். அது ஒரு நொடி வழுக்கினால் செங்கலின் விளிம்பு போய்விடும். தூசியைத் தட்டி, இடுக்கை நனைத்து, நீர் பளபளப்பு அடங்கியதும் காரையை உள்ளே அழுத்தி நிரப்புங்கள். ஆழம் அதிகமானால் இரண்டு தடவையாக. செங்கல் முகத்தின் மேல் வழித்துப் பூசக் கூடாது; பழைய செங்கலின் மழுங்கிய விளிம்புக்குச் சற்று உள்ளேயே நிற்கட்டும். விரலால் அழுத்தினால் பதியாத அளவு இறுகியதும் கட்டைத் தூரிகையால் தட்டுங்கள். சொரசொரப்பு வந்தால்தான் ஆவி நன்றாக வெளியேறும்.

பிறகுதான் முக்கியமான வேலை, பெரும்பாலும் கோட்டை விடப்படுவதும் அதுவே. ஈரச் சாக்கை மேலே தொங்கவிட்டு ஒரு வாரம் காய விடாமல் பாருங்கள். வெயிலில் சட்டென்று காய்ந்த காரை மாவாகும். 5 டிகிரிக்குக் கீழே இந்த வேலையே கூடாது. உறையும் நீர் காரையை வெடிக்க வைக்கும். இங்கிலாந்தில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை செய்வது பாதுகாப்பு.

குகைக் கூரையிலிருந்து மணல் உதிருது. விழுந்திடுமா?

கொஞ்சம் உதிர்வது இந்தக் கல்லின் இயல்பு. கவனிக்க வேண்டியது மாற்றம்: நேற்றைவிட இன்று அதிகமா? ஒரு சதுர மீட்டர் தார்ப்பாயை விரித்து வாரம் ஒரு முறை விழுந்த மணலை நிறுத்துக் குறிப்பதே எளிய கண்காணிப்பு. விரிசல் இருந்தால் இரு பக்கமும் அளவுப் பட்டை ஒட்டி, மாதா மாதம் அளவும் தேதியும் எழுதுங்கள். நீளக் கம்பால் கூரையை மெல்லத் தட்டும்போது கணீர் என்றால் நல்லது. மத்தளம் மாதிரி பொத்தென்று கேட்டால் அந்தப் படலம் பிரிந்திருக்கிறது. உடனே அந்தப் பகுதியை அடைத்து, பாறைப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

நனைந்தால் இந்த மணற்கல்லின் வலு வெகுவாகக் குறையும். எனவே திடீர் ஈரக் கறை தெரிந்தால் அது விரிசலைவிட அவசரம். 1996 கிறிஸ்துமஸ் நாளன்று மேலே கோட்டையின் திறந்தவெளி மேடையைத் தாங்கிய சுவர் சரிந்து சுமார் 80 டன் மண்ணும் கல்லும் பாறை அடிவாரத்தில் விழுந்தன. காரணம் கசிந்த குடிநீர்க் குழாய். மேடையைத் திரும்பக் கட்டி முடித்தது 2005-ல். தூண் மாதிரி விட்டிருக்கும் பாறையைச் செதுக்கி இடம் பெரிதாக்குவதும், மேலே மரம் வேர்விட விடுவதும் அடுத்த இரண்டு தவறுகள்.

விளக்கு பக்கத்துல பச்சையா பாசி பிடிக்குது. பிளீச்சிங் அடிச்சா போயிடுமா?

அன்றைக்குப் போகும், அடுத்த மாதம் வரும். பிளீச்சிங் மேலும் உப்பைச் சுவரில் சேர்க்கும். அதன் விளைவை உப்புக் கேள்வியில் பார்த்தோம். பாசிக்கு ஈரம், ஒளி இரண்டும் வேண்டும். குகையில் ஈரத்தைக் குறைக்க முடியாது, ஒளியைக் குறைக்கலாம். ஆள் வந்தால் மட்டும் எரியும் எல்இடி விளக்கு, சுவரிலிருந்து தள்ளி, பாதையை நோக்கித் திருப்பி வையுங்கள். சில மாதங்களில் பாசி வெளிறும். கம்பித் தூரிகையால் தேய்த்தால் பாசியோடு உளித் தடமும் போய்விடும். அந்தத் தடம்தான் குகையின் கையெழுத்து.

குகைக்குள்ள என்ன பொருளைக் காட்சிக்கு வைக்கலாம்?

பானை, கண்ணாடி, கல், செங்கல் தாராளமாக. துணி, காகிதம், புகைப்படம், தோல் கூடவே கூடாது. 65 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் நின்றால் பூஞ்சைக்கு வழி திறக்கும். இரும்பு துருப்பிடிக்கும். மரம் முதலில் ஊறும், வீட்டுக்குள் எடுத்து வந்தால் வெடிக்கும். எனவே பதுங்கிடக் காட்சிக்குப் போர்வை, பத்திரிகை எல்லாம் நகல்களாக இருப்பதே நேர்மையான ஏற்பாடு. அசலை முன்பக்கச் செங்கல் வீட்டில், 40–60 சதவீத ஈரப்பதத்திலும் துணிக்கும் காகிதத்துக்கும் 50 லக்ஸ் ஒளியிலும் வையுங்கள்.

அசலைக் குகையில் வைத்தே ஆக வேண்டுமானால் காற்றுப் புகாத பெட்டியும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் வேண்டும். பெட்டியின் ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ என்பது பழைய கணக்கு. மூடி சரியாகப் பொருந்தாத பெட்டியில் அதுவும் காணாது. பெட்டிக்குள் ஒரு ஈரப்பத மானி வைத்து, எண் ஏற ஏற ஜெல்லை எடுத்துச் சூடாக்கி உலர்த்தித் திரும்ப வைக்க வேண்டும். அதற்கு ஒரு ஆளை நியமிக்க முடியாத இடம், அசலை வைக்காமல் இருப்பதே நல்லது.

மார்ட்டிமர் துளைனு ஒரு சுரங்கம் இங்கதான் முடியுதாமே?

ஆம். கோட்டை உச்சியிலிருந்து பாறைக்குள் இறங்கி ப்ரூஹவுஸ் யார்டில் வெளிவரும் சுமார் 98 மீட்டர் நீளப் பாதை. 1330 அக்டோபர் 19 இரவு, பதினேழு வயது மூன்றாம் எட்வர்டின் ஆட்கள் இரகசியப் பாதை வழியே கோட்டைக்குள் புகுந்து, அவர் பெயரால் நாட்டை ஆண்டுகொண்டிருந்த ரோஜர் மார்ட்டிமரைப் பிடித்தார்கள். அடுத்த மாதம் லண்டனின் டைபர்னில் மார்ட்டிமர் தூக்கிலிடப்பட்டார். சம்பவம் உண்மை. ஆனால் இந்தப் பாறையில் பாதைகள் பல உண்டு. அன்று நுழைந்தது வேறு ஒன்று என்று கருதும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

பக்கத்து மதுக்கடையில 1189-னு எழுதியிருக்கே, அதுதான் பழசா?

சுவரில் எழுதிய ஆண்டு கடையின் மரபு. இன்று நிற்கும் கட்டடத்தின் பழைய பகுதிகள் 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. அதாவது நம் ஐந்து வீடுகளுக்குச் சற்றே மூத்தது. 18-ஆம் நூற்றாண்டில் அதன் பெயர் ‘பில்கிரிம்’, யாத்ரீகர். பின்னால் உள்ள குகைகள் கட்டடத்தைவிடப் பழையவையாக இருக்கலாம்.

இந்த மாதிரி குகை உள்ள பழைய வீடு வாங்கினா என் இஷ்டத்துக்கு மாத்தலாமா?

கட்டடம் பட்டியலிடப்பட்டது (பாதுகாக்க வேண்டிய கட்டடமாக அரசுப் பட்டியலில் உள்ளது) என்றால், 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதன் இயல்பை மாற்றும் எந்த வேலைக்கும் உள்ளாட்சியின் அனுமதி வேண்டும், உள்ளே செய்தாலும்தான். அனுமதியில்லாமல் செய்வது குற்றம். குகையோ நிலமோ பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்தால், 1979 சட்டத்தின் கீழ் அரசின் தனி அனுமதியும் வேண்டும். சிமெண்ட் பூச்சு, புதுக் கதவு, சுவரில் குழாய் துளைப்பது எல்லாமே இதில் அடங்கும். வாங்குவதற்கு முன் நகரத்தின் குகைப் பதிவேட்டைப் பாருங்கள். 2010 முதல் லேசர் கருவியால் பல குகைகளை அளந்திருக்கிறார்கள். உங்கள் குகை பக்கத்து வீட்டுக்காரரின் தோட்டத்துக்கு அடியில் போகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

போய்ப் பார்க்கணும். எதைக் கவனிக்கணும்?

முதலில், திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். மேலே கோட்டை 2022 நவம்பரில் மூடப்பட்டு, 2023 ஜூனில் மாநகராட்சியின் பொறுப்பில் மீண்டும் திறந்தது. கீழே உள்ள வீடுகள் மூடியிருக்கலாம். உள்ளே போக முடியாவிட்டாலும் முற்றத்திலிருந்து செங்கல் முகப்பையும், கூரைக்கு மேல் எழும் பாறையையும் நன்றாகப் பார்க்கலாம்.

வழுக்காத காலணியும், கோடையிலும் ஒரு மெல்லிய ஸ்வெட்டரும் வேண்டும். மார்ட்டிமர் துளைக்குத் தனிச் சுற்றுலா உண்டு. படிகள் செங்குத்து, ஒழுங்கற்றவை, சக்கர நாற்காலி போகாது, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து இறங்குங்கள். குழந்தைகளிடம் சுவரைச் சுரண்டாதே என்று முன்பே சொல்லி வையுங்கள். விரல் நகமே இந்தக் கல்லில் கோடு போடும். நேரம் மிச்சமிருந்தால் நகர மையத்தில் உள்ள ‘சிட்டி ஆஃப் கேவ்ஸ்’ குகைகளையும் பாருங்கள். பிரிட்டனில் நிலத்தடியில் இயங்கிய தோல் பதனிடும் தொட்டிகள் அங்கேதான் உள்ளன.